செட்டிக்குளக் கரையில் ஒரு வேன்!

"ஐயோ... பொணம்!"

துணி துவைக்க வந்த சாரதாவின் அலறலில் குரங்குகள் சிதறி ஓடின.

செட்டிக்குளக் கரையில் ஒரு பழைய வேன். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

செஞ்சிக் கோட்டையின் காவலாளி பச்சைமுத்து! மண்டை பிளந்திருந்தது.

போலீஸ் ஜீப் வந்தது. முதலில் இன்ஸ்பெக்டர் துரைராஜின் தொப்பை இறங்கியது. பிறகு அவர் இறங்கினார்.

"வேன் யாருது?"

"என்னுது சார்."

ராஜகிரி மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள் ஜெயந்தி. முப்பது வயது. மெட்ராஸ்காரி. தோளில் கேமரா. வேனுக்குள்ளேயே படுக்கை, ஸ்டவ் என்று வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோட்டை பார்ப்பவள். 1966-ல் செஞ்சி பஜார் அவளுக்கு வைத்த பெயரை அச்சில் போட முடியாது!

பிணத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"பச்சைமுத்து அண்ணன்..! நேத்து இவருதான் சார் எனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு..."

"நடிக்காத! கூட யாரு?"

"யாருமில்ல."

"வூட்ல ஆம்பளைங்க இல்லியா?"

"நெறைய இருக்காங்க. அதான் கெளம்பி வந்துட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துரைராஜின் மீசை துடித்தது.

"பாத்தீங்களா சார், வாய!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் பஜார் பாத்திரக்கடை முதலாளி சம்பந்தம். நெற்றி நிறைய விபூதி!

"நா கண்ணால பாத்தேன் சார். விடியகாலம் இந்தப் பக்கம் வந்தேன்... இவ வேன ரிவர்ஸ்ல எடுத்தா. பின்னால பச்சைமுத்து நின்னுனு இருந்தான். ஒரே இடி! வுழுந்துட்டான்!"

"அப்ப நான் மலை மேல இருந்தேன் சார். சூரியன் உதிக்கறதப் பாக்க இருட்டோட ஏறிட்டேன்."

"இன்னா, உங்க மெட்ராஸ்ல சூரியன் வர்றதில்லியா?" துரைராஜ் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். "பெரிய மனுஷன் சொல்றாரு. தனியா சுத்துற பொம்பள பேச்ச எவன் கேப்பான்? யோவ், வெலங்க எடு!"

இரும்பு மணிக்கட்டில் பட்டது. ஜெயந்தி சம்பந்தத்தின் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கவில்லை.

"ஐயா... எஞ்சின் சத்தம் கேட்டீங்களா?"

"கேக்காம?" என்றார் சம்பந்தம். "கோட்டையே அதிர்ந்துது!"

"இன்ஸ்பெக்டர் சார்... பானெட்டைத் தொறந்து பாருங்க."

கான்ஸ்டபிள் திறந்தான்.

உள்ளே...

எஞ்சினே இல்லை!

"முந்தாநாள் வல்லத்துக்கிட்ட எஞ்சின் படுத்துடுச்சு. மெக்கானிக் கழட்டித் திண்டிவனம் எடுத்துட்டுப் போயிட்டாரு. ராத்திரியோட ராத்திரியா இங்க வரைக்கும் வேனை இழுத்துட்டு வந்தது ரெண்டு காளை மாடு!"

சம்பந்தம் ஓடினார். வேட்டி தடுக்கிக் குப்புற விழுந்தார். கான்ஸ்டபிள் அமுக்கினான்.

"கோட்டை நெல்லுக் களஞ்சியத்துக்குப் பின்னால பொதையல் தோண்டினேன் சார்... பச்சைமுத்து பாத்துட்டான். கடப்பாறையால ஒரே போடு... பொணத்த இவ வண்டியாண்ட போட்டா எல்லாரும் இவளத்தான் சொல்லுவாங்கன்னு..."

சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார். எல்லோரும் சொன்னார்களே!

"பொதையல் கெடைச்சுதாய்யா?"

"ஒரு ஓட்டச் சொம்பு சார்..."

ஜெயந்தி தன் படுக்கை விரிப்பை எடுத்து வந்தாள். பச்சைமுத்துவின் முகம்வரை மூடினாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

துரைராஜ் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனைக்காதம்மா. இனிமேலாவது தொணைக்கு ஒரு ஆம்பளைய கூட்டினு போ."

ஜெயந்தி விலங்கோடு நின்ற சம்பந்தத்தைப் பார்த்தாள். துரைராஜையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒருத்தர் கொன்னுட்டுப் பொய் சொல்றாரு. இன்னொருத்தர் அதை நம்பி வெலங்கு மாட்ட வர்றாரு. அந்த ரெண்டு காளையே தேவலை சார்!"