அஞ்சாம் நம்பர் மேகஸீன் பொய் சொல்லாது!

"கொன்னது நீதான், வெர்னா! உன்னோட—"

"முழுசா முடிக்காதே டுவைட்! முடிச்சா—"

"—உன் துப்பாக்கி! உன் அலட்சியம்! ரெண்டும் சேர்ந்து என் பார்ட்னரை—"

"என் அலட்சியமா? நாப்பது வருஷமா சுடறேன். என் அலட்சியத்துக்கு இதுவரைக்கும் ஒரு எறும்பு செத்திருக்கா?"

"எறும்பு சாகலை. மர்ல் செத்துட்டான்!"

அவர்கள் இருவருக்கும் நடுவில், மூன்றாம் நம்பர் மேஜைக்குக் கீழே, மர்ல் அப்டன் மல்லாந்து கிடந்தார்.

சண்டை எதுவும் அவர் காதில் விழவில்லை.

இனி விழப்போவதும் இல்லை.

நெஞ்சில் ஒரே ஓட்டை. காலை எட்டு மணிக்கே அரிசோனா வெயில் தகரக் கூரையைப் பொரித்துக்கொண்டிருந்தது. கொயோட் வாஷ் சுடுதளத்தில் இன்று கேட்ட ஒரே வெடிச் சத்தம், மர்லின் நெஞ்சில் பாய்ந்ததுதான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடறீங்களா?"

போலீஸ் டெபுடி டஃபோயா கையில் நோட்டுடன் குறுக்கே வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டையில் இப்போதே வியர்வை.

"டுவைட் சார்... நீங்க சொல்லுங்க. வெர்னா மேடம், நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மா இருந்து அறுபத்தோரு வருஷத்துல பார்த்ததில்லை. முயற்சி பண்றேன்."

டுவைட் கெல்சோ வலது கட்டை விரலால் நெற்றியைத் துடைத்தார். விரலில் புது பிளாஸ்திரி. இந்தச் சுடுதளத்தின் சொந்தக்காரர். பின்னால் இருக்கிற கொட்டகையில் மர்லோடு சேர்ந்து மேகஸீன் செய்து விற்பவர்.

மேகஸீன் என்றால் படிக்கிற பத்திரிகை இல்லை. தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியின் பிடிக்குள் செருகுகிற தகரப் பெட்டி. துப்பாக்கிக் கம்பெனியே செய்தால் முப்பது டாலர். டுவைட் செய்தால் பதினொன்று.

"டெபுடி, கதை சின்னது. எங்க மேகஸீனை சோதிச்சுச் சொல்லுன்னு ஆறு பீஸ் இவகிட்ட கொடுத்தோம். மூணு வாரமா சுட்டுப் பார்க்கறா. நேத்து சாயங்காலம் துப்பாக்கியை இரும்பு அலமாரில வச்சுட்டுப் போனா. உள்ளே ஒரு தோட்டா இருந்தது அவளுக்கு ஞாபகமில்லை! இன்னிக்கு மர்ல் சீக்கிரமா வந்திருக்கான். எடுத்துப் பார்த்திருக்கான். டுமீல்!"

"ஒரு தோட்டான்னு எப்படிச் சொல்றீங்க?"

"மேஜையைப் பாருங்க!"

டஃபோயா ஏற்கெனவே பார்த்திருந்தாள். படமும் எடுத்திருந்தாள். துப்பாக்கி மேஜை மேல் கிடந்தது. குழலின் வாய், எதிரே குண்டுகளைத் தாங்குகிற மண்மேட்டைப் பார்த்து. அதன் மேல்பாகமான ஸ்லைடு பின்னுக்குப் போய், கொக்கியில் மாட்டி, 'ஆ'வென்று திறந்திருந்தது. பிடிக்குள்ளே டுவைட்டின் மேகஸீன். காலி. இப்போது எல்லாம் சேர்ந்து, போலீஸ் ஆதாரம் வைக்கிற ஒரு கண்ணாடிப் பைக்குள்.

"கடைசித் தோட்டா போனா ஸ்லைடு தானே திறந்து நிக்கும். 'நான் காலி'ன்னு துப்பாக்கியே சொல்ற பாஷை அது. ஆக, போனது கடைசித் தோட்டா. அதை உள்ளே விட்டது இந்தக் கிழவி!"

"மேடம்... அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"மூணே பேர். மர்ல், டுவைட், நான்."

"வெடிச் சத்தம் கேட்டது காலைல ஆறரைக்கு. அப்போ நீங்க எங்கே இருந்தீங்க, சார்?"

"ரூத்தி கடைல! முட்டை, ரொட்டி, காபி. ஏழரைக்குத்தான் வந்தேன்."

"விரல்ல என்ன?"

"பீன்ஸ் டின் திறந்தேன். மூடி கிழிச்சிடுச்சு. இது ஒரு கேள்வியா?"

டஃபோயா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வெர்னாவிடம் நீட்டினாள்.

"மேடம், நேத்து கடைசியா துப்பாக்கியைத் தொட்டது நீங்கன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க. அப்புறம் என்கூட ஸ்டேஷனுக்கு வரணும். அலட்சியத்தால மரணம். வக்கீல் வச்சுக்கலாம்."

வெர்னா தாளை வாங்கிப் பார்த்தாள்.

ஜெயில்! இந்த வயதில்! அதுகூடப் பரவாயில்லை... 'துப்பாக்கியைக் காலி செய்யத் தெரியாதவள்' என்று ஊர் சொல்லுமே!

அவள் மர்லைப் பார்த்தாள். நேற்றுக்கூட அவளுக்குத் தன் பர்ரிட்டோ ரொட்டிச் சுருளில் பாதி கொடுத்த மனுஷன்.

தாளைத் திருப்பி நீட்டினாள்.

"கையெழுத்தா? போட மாட்டேன்!"

"மேடம்—"

"விலங்கு போடு. வண்டில ஏத்து. கையெழுத்து மட்டும் கிடைக்காது. ஏம்மா... அந்த மேகஸீனுக்கு அடியில ஒரு நம்பர் இருக்கும். என்ன நம்பர்?"

டஃபோயா பையைத் திருப்பினாள். மேகஸீனின் அடியில் ரோஜா நிறத்தில் ஏதோ பளபளத்தது.

"அஞ்சு. இது என்ன... நகப்பூச்சா?"

"என்னோடதுதான். நகத்துல போட்டு யாரைக் கவுக்கப் போறேன்? ஆறு மேகஸீனுக்கும் நம்பர் போட்டேன். எது எப்போ மக்கர் பண்ணுதுன்னு தெரியணுமே. இந்தா, நோட்டு. படி!"

எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. டஃபோயா சத்தமாகப் படித்தாள்.

"ஆறு மேகஸீன். ஒவ்வொண்ணுலயும் நூறு தோட்டா. சிக்கினது பதினொண்ணு. அடிமூடி கழண்டு விழுந்தது ரெண்டு தடவை. கடைசித் தோட்டாவுக்கு அப்புறம் ஸ்லைடு திறந்து நின்னது..."

அவள் நிறுத்தினாள்.

"பூஜ்யம்?"

"பூஜ்யம்! அறுநூறு தோட்டால ஒரு தடவைகூட இல்லை! உள்ளே இருக்கற பிளாஸ்டிக் தட்டு மேலே வந்து கொக்கியைத் தள்ளணும். இவன் தட்டோட ஓரத்தை அரை மில்லிமீட்டர் குட்டையா வெட்டிட்டான். கொக்கியைத் தொடவே தொடாது. கடைசித் தோட்டா போனாலும் ஸ்லைடு பொத்துனு மூடிக்கும்!"

"பொய்!" டுவைட்டின் குரல் கூரையில் மோதியது. "அந்த நோட்டே பொய்! அஞ்சு ஸ்டார் போடுன்னு மரியாதையா கேட்டேன். பொறாமைல கிறுக்கி வச்சிருக்கா!"

"நீ அந்த நோட்டைப் படிச்சியா டுவைட்?"

"குப்பையை நான் படிக்கறதில்லை!"

"மர்ல் படிச்சார். நேத்து சாயங்காலம் ரெண்டு தடவை படிச்சார். 'நாளைக்கு ஒன்பது மணி லாரில எங்க மேகஸீன் ஒரு பெட்டிகூட ஏறாது, வெர்னா'ன்னார்."

டஃபோயாவின் பேனா நின்றது.

"சோதிச்சுடலாமா?"

"அதுக்குத்தானே காத்திருக்கேன். இதே ரகத்துல இன்னொரு துப்பாக்கி என் பெட்டில இருக்கு. மத்த அஞ்சு மேகஸீனும் இருக்கு."

ஒன்பதாம் நம்பர் மேஜை. காதுக்கு மூடி. டஃபோயா ரெண்டாம் நம்பர் மேகஸீனில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டாள்.

டுமீல்!

ஸ்லைடு பின்னுக்குப் போனது... முன்னுக்கு வந்தது... மூடிக்கொண்டது.

மூன்றாம் நம்பர் மேகஸீன். டுமீல்! மூடிக்கொண்டது.

ஆறாம் நம்பர். டுமீல்! அதுவும் மூடிக்கொண்டது.

"பிடி சரியில்லை!" டுவைட் பாய்ந்து வந்தார். "பொம்பளைங்க மணிக்கட்டு! தளர்வா பிடிச்சா எந்தத் துப்பாக்கியும் சண்டித்தனம் பண்ணும்! இங்கே கொடுங்க, நான் காட்டறேன்!"

டஃபோயா வெர்னாவைப் பார்த்தாள்.

வெர்னா கண்ணைச் சிமிட்டினாள்.

"கொடும்மா. இருபத்திரண்டு வருஷமா இந்த ஊருக்கே சுடச் சொல்லிக்கொடுத்தவன். காட்டட்டும்."

ஒரே தோட்டா. டஃபோயா இரண்டடி பின்னால் நகர்ந்து, இடுப்பிலிருந்த தன் துப்பாக்கி மேல் கையை வைத்துக்கொண்டாள்.

டுவைட் கால்களை அகட்டி நின்றார். பாறை மாதிரி பிடி.

டுமீல்!

மண்மேட்டில் புழுதி எழும்பியது.

ஸ்லைடு... மூடிக்கொண்டது.

டுவைட்டின் முகம் சிவந்தது. வாய் என்னவோ திட்டியது. ஆனால் கை? கை அதுபாட்டுக்கு வேலை பார்த்தது. இடது கை ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தது. வலது கட்டை விரல் கொக்கியை மேலே தள்ளியது. "ஸ்ஸ்..." என்று வலியில் முகம் சுளித்தார். ஸ்லைடு 'ஆ'வென்று திறந்து நின்றது. துப்பாக்கியை மேஜையில் வைத்தார். வாய் மண்மேட்டைப் பார்த்து.

பிறகு கையை எடுத்தார்.



டஃபோயா மெல்லக் கையில் இருந்த கண்ணாடிப் பையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். அச்சாக அதே கோலம்!

"டுவைட்," என்றாள் வெர்னா. "உன் தலைக்கு மேலே ஒரு பலகை இருக்கு. உன் கையெழுத்துதான். டெபுடிக்குப் படிச்சுக் காட்டேன்."

டுவைட் படிக்கவில்லை. டஃபோயா படித்தாள்.

"'சுட்டு முடிஞ்சதா? ஸ்லைடைத் திற! மேட்டைப் பார்க்க வை! கையை எடு!'"

"இருபத்திரண்டு வருஷம்! இதை மறந்தவனை எல்லாம் வெளியே துரத்தினான். ஆளைக் கொன்னுட்டும் அந்தக் கை மறக்கலை! நெஞ்சுல குண்டு வாங்கினவன் ஸ்லைடை இழுத்து, கொக்கியை மாட்டி, துப்பாக்கியை அடக்கமா வச்சுட்டுத்தான் சாவானா?"

"நீயே திறந்து வச்சிருக்கலாமே!" டுவைட் கத்தினார். "உன்கிட்டயும் சாவி இருக்கே!"

"இருக்கு. ஆனா அது திறக்காதுன்னு எனக்குத் தெரியுமே! திறந்து கிடந்ததாலதானே 'கடைசித் தோட்டா, வெர்னாவோட தோட்டா'ன்னு நீ கதை கட்டினே? நான் கொன்னிருந்தா எனக்கு நானே குழி வெட்டுவேனா? என் நோட்டைப் படிச்சவங்க யாரும் அதைத் திறந்து வைக்க மாட்டாங்க. சாவி வச்சிருக்கறதுல நோட்டைப் படிக்காதவன் ஒருத்தன்தான்."

"இது... இதெல்லாம் பழக்கம்! இங்கே எல்லாருக்கும் இருக்கற பழக்கம்! சாட்சி இல்லை!"

"இருக்கு. ஏம்மா டஃபோயா, பைக்குள்ளே இருக்கற என் பழைய துப்பாக்கியோட கொக்கியைப் பாரு. ஒரு பிசிறு நீட்டிட்டிருக்கும். ரம்பம் மாதிரி. நான் கையுறை இல்லாம அதைத் தொடறதில்லை. தெரியாதவன் கட்டை விரலால தள்ளினா என்ன ஆகும்?"

டஃபோயா பையை வெயிலில் பிடித்தாள்.

கொக்கியின் நுனியில் பழுப்பாக ஒரு பொட்டு. காய்ந்த ரத்தம்.

அவள் பார்வை டுவைட்டின் கட்டை விரலுக்கு வந்தது. பிளாஸ்திரியில் புதுச் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"டுவைட் சார்... ரூத்தி கடைல முட்டை, ரொட்டி, காபின்னீங்க."

"ஆ... ஆமா."

"அப்போ பீன்ஸ் டின்னை எதுக்குத் திறந்தீங்க?"

டுவைட்டின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

"நாலாயிரம் பீஸ், டெபுடி!" குரல் உடைந்து வந்தது. "நாலாயிரம் மேகஸீன் பெட்டில அடுக்கியாச்சு! 'எதுவும் போகாது, முதல்ல தட்டைச் சரி பண்ணு'ன்னான் மர்ல். ஒரு கிழவியோட நோட்டை நம்பி! இருபத்திரண்டு வருஷப் பழக்கம்... என்னை நம்பலை..."

"கையைப் பின்னால கொண்டு வாங்க, சார்."

கிளிக்!

விலங்கு முதல் தடவையிலேயே சரியாகப் பூட்டிக்கொண்டது. டுவைட் செய்த சரக்கு இல்லையே!

வெர்னா குனிந்து, தன் தொப்பியைக் கழற்றி, மர்லின் முகத்தில் வெயில் படாமல் வைத்தாள். பிறகு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

போலீஸ் வண்டியின் பின்சீட்டில் டுவைட். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

தூரத்தில், கேட்டுக்கு வெளியே, ஒன்பது மணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வெர்னா குனிந்து ஜன்னலில் முகத்தை வைத்தாள். பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"டுவைட், ரிப்போர்ட்ல கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. உன் மேகஸீன் ஒரு ஸ்லைடைக்கூடப் பிடிச்சு நிறுத்தலை... ஆனா ஒரு கொலைகாரனைப் பிடிச்சுக் கொடுத்துடுச்சே! சொல்லு, எத்தனை ஸ்டார் போடட்டும்?"