தொலைந்தவை: பூஜ்யம்

மதியம் இரண்டு மணிக்குத் தம்பி நாலாவது வார்டுக்குள் நுழைந்தபோது பினாயில் வாசனையும் ஏசியின் முனகலுமாக இருந்தது. ஒன்பதாம் கட்டிலில் விரிப்பு இல்லை. அதில் படுத்திருந்த பெரியவர் போய்ச் சேர்ந்து மூன்று நாளாகிறது.

"சத்தியமா நான் கண்ணசரலடா," என்றாள் நர்ஸ் அக்கா. "கட்டில்கிட்ட இருந்த மானிட்டர் பதினோரு தடவ அபாயம்னு அனுப்பியிருக்காம். என் மேசைக்கு ஒண்ணுகூட வரல. நாலு மணிக்கு விசாரணை. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"பார்க்கிறேன்க்கா. நீ முதல்ல மூஞ்சியக் கழுவு."

சர்வர் அறையில் திரையைத் திறந்தான். வந்த செய்திப் பாக்கெட்டுகள் பல லட்சம். தொலைந்தவை: பூஜ்யம்.

மானிட்டர்களின் செய்தியை வாங்கும் நெட்வொர்க் அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதியவனே அவன்தான். நெரிசலில் இடம் போதாவிட்டால், வந்த செய்தியை அது ஓசைப்படாமல் தூக்கி எறியும். எறிந்ததை எண்ணிக் காட்ட வேண்டும். "பெரிய நம்பரப் பார்த்தா வாங்குறவன் மிரளுவான்ப்பா" என்றார் அப்போது அவன் கம்பெனி மேலாளர். எப்போதும் பூஜ்யமே தெரியும்படி எழுதிக் கொடுத்துவிட்டான்.

இப்போது எண்ணும் வரியைச் சேர்த்து, டிரைவரை மறுபடி ஏற்றினான்.

ஒன்று.

இரண்டு.

ஒன்பதாம் கட்டிலின் கேபிளிலிருந்து. அதன் மறுமுனை வார்டில் வெறும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததை வரும்போதே பார்த்திருந்தான்.

இந்த முனையையும் பிடுங்கி எறிந்தான். மூன்று. நான்கு.

பதினொன்றில் நின்றது. ஏசியும் நின்றது.

வாயைத் திறந்தால் அக்கா தப்புவாள், அவன் மாட்டுவான். பழைய டிரைவரையே திரும்ப ஏற்றினான். பூஜ்யத்தைத் தவிர வேறெதையும் காட்டத் தெரியாத டிரைவர்.

தொலைந்தவை: பதினொன்று.

பிடரியில் மருந்து வாடையடிக்கும் மூச்சு பட்டது.

"சொல்லிடுப்பா..."

நாலு மணிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அக்காவை விட்டுவிட்டார்கள்.

"உன் பொழப்பு போச்சேடா, பைத்தியக்காரா!" என்று அவள் அழுதாள். "யாருடா கேட்டா உன்னை?"

"பெரியவர்தான்க்கா."

அவள் கண்ணைத் துடைத்தாள். அவன் சர்வரிலிருந்து அந்த நெட்வொர்க் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைப்பதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"இதே டிரைவர் வேற எத்தனை ஆஸ்பத்திரியிலடா ஓடுது?"

அட்டை மேசைமேல் கிடந்தது.

திரையில் பன்னிரண்டு.

பதின்மூன்று.

அப்புறம் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில்.