தோண்டாத மேடு

கூட்டேரிப்பட்டு நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் முதலில் வருவது ஆவாரம் மேடு. வறண்ட செம்மண் நிலம். கிணறு கிடையாது, பயிர் கிடையாது. பெரியவர்கள் அதைச் சும்மா பொட்டல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பத்து வயது மலர்விழி அப்படிச் சொல்ல மாட்டாள். அவளும் வகுப்புத் தோழன் கோபியும் தினமும் அந்த மேட்டின் வழியாகத்தான் பள்ளிக்குப் போவார்கள். வழியில் ஒரு பெரிய களாச்செடி உண்டு. அதில் பழம் பழுத்திருக்கும் நாட்களில் இருவரும் தாமதமாகத்தான் வகுப்புக்கு வருவார்கள். டீச்சர் காரணம் கேட்பதில்லை. உதட்டில் இருக்கும் கறையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த மேட்டுக்கு அடியில் ஒரு பழைய டெலிபோன் கேபிள் புதைந்து கிடந்தது. செல்போன் வருவதற்கு முன்பு, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பேசியவர்களின் குரலெல்லாம் அதற்குள்தான் ஓடியது. இப்போது அதில் யாரும் பேசுவதில்லை. உள்ளே இருக்கும் செம்புக்காக அதைத் தோண்டி எடுக்கும் வேலை ஆரம்பமானது. மலரின் அப்பா மாரியப்பனும் அந்த வேலைக்குச் சேர்ந்தார்.

முதல் நாள் வேலை முடிந்து வந்த அப்பா, சாப்பிடும்போது பேசிக்கொண்டே இருந்தார். மீசை முளைக்கிற வயதில் அவர் முதன்முதலாகக் கூலிக்குப் போனதே இந்தக் கேபிளுக்குப் பள்ளம் வெட்டத்தானாம். "பொதைச்சவனே இப்ப எடுத்துக்கினு இருக்கேன்" என்று சிரித்தார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். கல்யாணம் நிச்சயமான புதிதில், கூட்டேரிப்பட்டு பூத்திலிருந்து அனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போன் போட்டாராம். கடைக்காரர் ஆள் அனுப்பி, மலரின் அம்மா காந்திமதியைக் கூட்டி வரச் சொன்னாராம். அம்மா மூச்சு வாங்க ஓடி வந்து போனை எடுத்ததும், "சாப்டியா?" என்று அப்பா கேட்டாராம். "ம்" என்றாளாம் அம்மா. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சே வரவில்லை.

"அந்த ஒரு வார்த்தைக்காகத் தாளிப்பை அடுப்புல வுட்டுட்டு ஓடுனேன்" என்றாள் அம்மா. "திரும்பி வந்து பார்த்தா கடுகெல்லாம் கரி."

"அந்த வார்த்தையும் இந்தக் கேபிளு வழியாத்தான் வந்திருக்கும்" என்றார் அப்பா.

அன்று அப்பாவின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தது.

மேட்டின் அடிவாரத்திலிருந்து பொக்லைன் தோண்டத் தொடங்கியது. விழுப்புரத்திலிருந்து வந்த சூப்பர்வைசர் சக்கரபாணி தலையில் துண்டும் காதில் போனுமாக நின்று வேலை வாங்கினார். கேபிளை இழுத்து, வெட்டி, லாரியில் ஏற்றினார்கள். பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

மூடினாலும் அது பழைய மண்ணாக இல்லை. முன்பு அங்கே சைக்கிள் ஓட்டலாம், அவ்வளவு கெட்டியாக இருந்தது. இப்போது கணுக்கால் வரை மாவு மாதிரி புதைந்தது. ஆனி மாதக் காற்று அதை வாரிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் கொட்டியது. சாம்பார் சாதத்தில் மண் கடிபட்டது.

களாச்செடியும் போய்விட்டது.

"இங்கதான் நம்ம களாச்செடி இருந்துச்சு. அந்தக் காலத்துல எவ்ளோ பழம்" என்றான் கோபி, பெருமூச்சோடு. அவன் சொன்ன அந்தக் காலம் போன வாரம்தான். ஆனாலும் மலருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே ஒரு மாலையில் பலத்த மழை பெய்தது.

மறுநாள் காலையில் மலர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டடிக் குட்டைக்குப் போனாள். மூடிய பள்ளம் முழுவதும் மழைநீர் ஓடிய ஓடையாகக் கிடந்தது. அங்கே இருந்த மண்ணெல்லாம் குட்டைக்கு வந்திருந்தது. தண்ணீர் செங்குழம்பாக இருந்தது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கின. ஒரு குட்டி மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. மலர் அதன் வாய்க்குள் விரலை விட்டு இழுத்தாள். கேபிளின் கறுப்புத் தோல். அதற்குள்ளிருந்த பசை அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

அவள் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள். மேல் பாதியை இன்னும் தோண்டவில்லை. அதே மழைதான் அங்கேயும் பெய்தது. ஆனால் அங்கே ஒரு பிடி மண்கூடக் கரையவில்லை. ஆவாரஞ்செடிகள் குளித்துவிட்டு நின்றன.

அங்கே அடுத்துத் தோண்ட வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். மழையில் பாதி அழிந்த அந்தக் கோட்டை ஒட்டி மலர் நடந்தபோது, ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே அவள் தலைக்கு மேல் பறந்தது. திரும்பத் திரும்ப வந்தது. மலர் அப்படியே நின்று தரையை உற்றுப் பார்த்தாள். கூழாங்கற்களுக்கு நடுவில், கூழாங்கல் போலவே நான்கு முட்டைகள். சரியாகக் கோட்டின் மேல்.

அவள் எதையும் தொடாமல், வந்த காலடியிலேயே பின்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். கூலிக்குப் போகிற தான் வேலையை நிறுத்தச் சொன்னால், இருக்கிற வேலையும் போய்விடும் என்றார் அப்பா.

"மேலே இருக்குற கேபிளை அப்படியே வுட்டா இன்னாப்பா ஆவும்?" என்று கேட்டாள் மலர்.

அப்பா யோசித்தார். "ஒண்ணும் ஆவாது. இத்தினி வருசமா சும்மாதான கெடக்குது."

"அப்போ எடுத்தாத்தானே கெடுதல்?"

அப்பா அவளையே பார்த்தார்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அப்பாவுக்குச் சோறும் ஒரு தூக்கில் மோரும் எடுத்துக்கொண்டு மலர் மேட்டுக்குப் போனாள். அங்கே வேலை நின்றிருந்தது. பொக்லைன் தான் மூடிய பள்ளத்தின் மேலேயே ஏறி, ஈர மண்ணில் சக்கரம் புதைந்து சாய்ந்து நின்றது. குட்டையில் விழுந்த மண்ணை அள்ளித் தரும்படி காலையில் ஊர்க்காரர்களும் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சக்கரபாணி வெயிலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

மலர் தூக்கு மூடியில் மோரை ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"ஒரே பேஜாரா கீது பாப்பா" என்றார்.

அவர் இரண்டாவது மூடியையும் குடித்து முடிக்கும்வரை மலர் பொறுத்திருந்தாள். பிறகு ஓர் இடத்தைக் காட்ட வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டாள். வேலைதான் நின்றுவிட்டதே என்று அவரும் எழுந்தார்.

முதலில் குட்டையைக் காட்டினாள். பிறகு மேட்டின் மேல் பாதிக்குக் கூட்டிப் போனாள்.

"சார், நீங்க தோண்டுன மண்ணு மொத்தமும் குட்டைக்கு வந்துடுச்சு. இங்க தோண்டாததால மண்ணு அப்படியே நிக்குது. இதையும் தோண்டுனா அடுத்த மழைக்குக் குட்டையே இருக்காது. நீங்க மறுபடியும் வந்து அள்ளணும்."

"உள்ள செம்பு கீதே பாப்பா, அதை இன்னா பண்றது?"

"செம்பு வேற எடத்துலயும் கெடைக்கும் சார். மேடு கெடைக்குமா?"

சக்கரபாணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி காலை எடுத்து வைத்தார். மலர் சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். தலைக்கு மேல் குருவி கத்தியது. அவள் காட்டிய இடத்தில் அவருக்கு முதலில் கல்தான் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முட்டைகள் தெரிந்ததும் அப்படியே குந்திவிட்டார்.

"சின்னப் பையனா இருக்கும்போது எங்க ஊரு ஆத்து மணல்ல இதே மாதிரி பார்த்திருக்கேன்" என்றார் மெதுவாக. "தெனமும் போய்ப் பார்ப்போம். அந்தப் பக்கம் போயே எத்தினியோ வருசமாச்சு."

எழுந்ததும் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி என்ன சொன்னார் என்று மலருக்குக் கேட்கவில்லை. வண்டி புதைந்ததையும், குட்டையில் மண் விழுந்ததையும், ஊர்க்காரர்கள் வந்ததையும் சக்கரபாணி சொல்வது மட்டும் கேட்டது. அவர் குருவியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில், "மேட்டை வுட்டுட்டு அந்தாண்ட ரோட்டோரத்துல ஆரம்பிச்சுக்கறோம் சார்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

தோண்டாத மேல் பாதி தொடங்கும் இடத்தில் கேபிளை வெட்டிவிடும்படி மாரியப்பனிடம் சொன்னார்கள். அப்பா வெட்டினார். மண்ணுக்குள் இருக்கப்போகும் முனையைத் தன் துண்டால் நன்றாகத் துடைத்து, தண்ணீர் இறங்காதபடி மூடி, மேலே மண்ணைத் தள்ளினார். காலால் மிதிக்காமல் கையாலேயே தட்டிக் கெட்டிப்படுத்தினார். மலர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் தட்டினாள்.

அடுத்த வாரம் குட்டை மண்ணை அள்ளி, வந்த இடத்திலேயே போட்டார்கள். மலரும் கோபியும் கறுப்புத் துண்டுகளையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டி லாரிக்காரரிடம் கொடுத்தார்கள். காற்று மண்ணை வாராமல் இருக்க அதன் மேல் முள்ளுக்கிளைகளைப் பரப்பினார்கள். கோபி கையில் குத்திய முட்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். அப்பாவுக்கு ரோட்டோரத்தில் வேலை தொடர்ந்தது.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில், முள்ளுக்கிளைகளுக்கு இடையே மெல்லிய புல் தலைகாட்டியது. களாச்செடி வளர எத்தனை வருஷம் ஆகும் என்று கோபி கேட்டுக்கொண்டே வந்தான். மலர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சற்றுத் தள்ளி, பஞ்சு உருண்டைக்குக் குச்சிக்கால் முளைத்தது போல நான்கு குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் ஓடின. ஓடும், நிற்கும், எதையோ கொத்தும், மறுபடி ஓடும்.

இருவரும் மூச்சுகூட விடாமல் பார்த்தார்கள். பிறகு, அவை மேய்ந்து முடிக்கட்டும் என்று, ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள்.