ஒட்டும் இடம்

ஆறு நாளாக நீந்திக்கொண்டிருந்த நாற்பது லார்வாக்களும் நின்றுவிட்டிருந்தன.

ஹெப்சி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் தான் ஒட்டியிருந்த சீட்டை மறுபடியும் படித்தாள். வெறும் கடல்நீர் என்றுதான் இருந்தது. வடிகட்டிச் சுத்தம் செய்த நீர். அதில் பார்னக்கிள் லார்வா லேசில் ஒட்டாது. படகடியிலும் பாலத்தூணிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கும் அந்த ஓட்டுப் பிராணியின் குஞ்சு, தன் இனத்தில் வேறொன்று முன்பே குடியேறிய இடத்தைத்தான் தேடும். அந்த ஓட்டிலிருந்து கசியும் புரதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இதுதான் இடம் என்று தெரிந்ததும் தலையை ஊன்றிப் பசையைக் கக்கும். பிறகு உருவமே மாறிவிடும். சாகும்வரை தலைகீழாக நின்று, காலை வீசி வீசி இரை பிடிக்கும்.

இந்தக் கிண்ணத்தில் அப்படி எதுவுமே இல்லை. ஆனாலும் நாற்பதும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து ஒட்டியிருந்தன. காலையில் கிண்ணத்தைத் தூக்கும்போது அவள் கட்டைவிரல் உள்ளே பட்ட இடம். வளைவு வளைவாக, அவளுடைய ரேகையின் மேலேயே.

கையை முகர்ந்து பார்த்தாள். வற்றிய கழிமுகத்தின் வாடை.

புயல் மழைக்காகக் கல்லூரிக்கு விடுமுறை. விலங்கியல் துறையில் அவளைத் தவிர யாருமில்லை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கமிருந்து வரும் ரயில் சத்தத்தைக்கூட மழை அமுக்கிவிட்டிருந்தது. திங்கட்கிழமை இதே மேஜையில்தான் ஜாய்சன் கையில் அந்த பாட்டில் உடைந்தது. அவளுக்கு இரண்டு வருடம் சீனியர். பார்னக்கிள்களை அரைத்து அவன் எடுத்த சாறு. இந்தமுறை நூறு மடங்கு வீரியமாக வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தான். அவன் கை முழுக்க வழிந்தது. கையுறை இல்லாமல் அதைத் துடைத்தவள் ஹெப்சி. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

இப்போது அடித்தாள். எடுத்தது அவன் அம்மா ஞானஜோதி, பள்ளிக்கூட டீச்சர். பின்னால் குழாய் கொட்டும் சத்தம்.

“ஆன்ட்டி, அண்ணா எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்கான்மா. அவனுக்கு இடம் கெடச்சிடுச்சு.”

“எங்க? வேலையா?”

“நீயும் வாயேன். பக்கத்துல எடம் இருக்கு.”

பம்மலில் இருந்த அவன் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். பாதி வழியில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இன்னாம்மா, மீனு கீனு கீதா பையில? ஒரே கவுச்சி அடிக்குது.” பக்கத்திலிருந்த பெண் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் ஹெப்சி கவனித்தாள். தன் விரல்கள் தானாகவே கம்பியைத் தொடுகின்றன, சீட்டைத் தொடுகின்றன, அந்தப் பெண்ணின் பையைத் தொட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகின்றன. தேடுகின்றன. இரண்டு கைகளையும் முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டாள்.

ஜாய்சன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் காலியான கல்லுப்பு மூட்டைகள், பத்துக்கும் மேல். குளியலறை வாசலில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளைத் தாண்டித் தண்ணீர் கூடத்துத் தரையில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே விளக்கில்லை. வெதுவெதுப்பான உப்பு வாடை. ஏதோ அசையும் மெல்லிய சத்தம், விசிறி மடக்கி விரிப்பதுபோல. சீராக. நிற்காமல்.

“அண்ணா?”

போனின் வெளிச்சத்தை உள்ளே நீட்டினாள்.

முழங்கால் அளவு தண்ணீர். அதிலிருந்து இரண்டு கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஜாய்சனின் கால்கள். விரிந்தன. மடங்கின. காற்றை வாரி வாரி உள்ளே இழுத்தன. தண்ணீருக்கடியில் அவன் நெற்றி தரை டைலில் பதிந்திருந்தது. கழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைத் தகடுகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மொழுமொழுவென்று ஒரு பரப்பு. கண்கள் இல்லை.

அவன் பக்கத்தில் தண்ணீரில் மண்டியிட்டிருந்தாள் ஞானஜோதி.

“வெளிச்சத்த அணைச்சிடும்மா. கூசுது.” பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் அதே நிதானக் குரல். சொல்லிவிட்டுக் குனிந்தாள். மகனின் தலைக்கு அருகில் தரையை விரலால் இரண்டுமுறை தடவிப் பார்த்தாள். நெற்றியை வைத்தாள்.

“ஆன்ட்டி, வேணாம்!”

தோளைப் பிடித்து இழுத்தாள் ஹெப்சி. வரவில்லை. இன்னும் பலமாக. துணி கிழிவதுபோல ஒரு சத்தம். தண்ணீர் சிவந்தது. விட்டுவிட்டாள்.

தண்ணீர் இதமாக இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் பயந்து பின்வாங்கினாள். எப்போது மண்டியிட்டோம் என்று தெரியவில்லை. எழுந்தாள். கூடத்தின் வழியாக ஓடினாள். கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. இழுத்துக்கொண்டாள். மறுபடி தடவியது.

“யாராவது வாங்களேன்!” வாசலில் நின்று கத்தினாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுத் தண்ணீர் படியிறங்கி, கேட்டைக் கடந்து, தெருவில் ஓடிய மழைநீரோடு கலந்து போய்க்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ.

ஆட்கள் வந்தார்கள். தெருமுனையிலிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் கையும் மதில் சுவரைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. முன்னால் வந்தது நைட்டி போட்ட ஒரு பெண். குடையைக் கீழே விட்டாள். கேட்டருகே ஓடும் தண்ணீரில் மண்டியிட்டு, மதிலின் அடியில் நெற்றியை வைத்தாள்.

அப்படியே இருந்தாள்.

பிறகு அவளுடைய கால்கள், இரண்டும் ஒன்றாக, மெல்ல மேலே எழுந்தன.