கமுவேலாவை எழுதிக்கொண்டவர்

பிப்ரவரி 25, செவ்வாய், காலை 10.20. வரி அலுவலகம் உலுவேஹியின் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது.

வையனாய் நூலகத்தின் பின்னறையில் ஃபுமியே திரையைப் படித்தாள். காரணம் ஒரே வரி. சார்ந்திருப்போர் பட்டியலில் உள்ள கமுவேலாவை வேறொருவர் ஏற்கெனவே தம் படிவத்தில் எழுதிவிட்டார். அது யார் என்று இல்லை. அலுவலகம் அதை எப்போதும் சொல்வதில்லை.

ஃபுமியேவுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தத் தீவுக் கரையில் வீடு வீடாகத் தபால் போட்டவள். ஓய்வுக்குப் பின் வரிக் காலத்தில் இங்கே உட்கார்ந்து ஊராருக்கு இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

எதிரே பள்ளிச் சமையலறை உடுப்போடு உலுவேஹி.

"என்ன ஆன்ட்டி, நம்பரத் தப்பா அடிச்சிட்டீங்களா? கண்ணாடிய மாத்துங்கன்னு போன வருஷமே சொன்னேன்."

"நம்பர் சரிதான். பையன வேற யாரோ எழுதியிருக்காங்க."

உலுவேஹி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"உயிரோட இருக்கான்," என்றாள்.

கமுவேலா அவளுடைய அண்ணன் மகன். மூன்று வயதில் ஹானாய்ப் பிள்ளையாக அவளிடம் வந்தான். பெற்றவர்கள் கொடுக்க, இவள் வாங்கி வளர்த்தாள். அதற்கு இங்கே யாரும் தாள் எழுதுவதில்லை. அண்ணன் பிறகு இறந்துபோனான். சென்ற ஆண்டு மார்ச் 9 காலை, பதினாறு வயதில், கமுவேலா காயேனா முனைப் பாறைகளில் சிப்பி எடுக்கப் போனான். வாளி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. போலீஸ் ஏட்டில் இன்றும் அவன் காணாமல் போனவன்.

படிவம் நிரப்பிய அன்று ஃபுமியே கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தாள். ஆண்டில் எத்தனை மாதம் உன் வீட்டில் இருந்தான்? வெளியே போனவன் திரும்பி வருவான் என்று நம்பினால் பன்னிரண்டு மாதமும் கணக்கில் வரும். நம்பாவிட்டால் மூன்று.

"பன்னெண்டு," என்றிருந்தாள் உலுவேஹி.

இப்போது அவள் மேசைமேல் சாய்ந்து பேசினாள்.

"எங்கயோ வேலைக்குச் சேர்ந்து அவனே போட்டிருப்பான் ஆன்ட்டி."

"அவனே போட்டிருந்தா வேற மாதிரி பதில் வரும். இது அது இல்ல. 'இவன் என் வீட்டுப் பிள்ளை'ன்னு யாரோ எழுதியிருக்காங்க."

"அப்ப யார் வீட்லயோ இருக்கான். சோறு போடுறாங்க. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் சண்டை போடல. ஒரு கூடை மாம்பழத்தோட போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

ஃபுமியே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பிறருடைய அரசாங்க எண்ணைத் திருடிப் படிவம் போடும் கூட்டங்கள் உண்டு. அப்படியானால் கண்டுபிடிக்க வழியே இல்லை. எனவே அருகில் இருப்பவர்களிலிருந்து தொடங்கினாள்.

"அவன் நம்பர் அட்டை எங்க இருக்கு?"

"ஃபிரிட்ஜ் மேல, பிஸ்கட் டப்பால."

"வீட்டுக்கு யார் யார் வராங்க?"

"நான், காவிகா. பிள்ளை தொலைஞ்ச வீட்டுக்கு வேற யாரு வருவா? வந்தா என்ன பேசுறதுன்னு பயம்."

"பெத்தவ?"

"டெஸிரேவா? லாஸ் வேகஸ்ல இருக்கா. அவன் பொறந்த நாள கேளுங்க, முழிப்பா."

"காவிகா ஏன் இந்த வருஷம் வரல? ஒன்பது வருஷமா ஜோடியாத்தான வருவீங்க."

"போன்லயே தானே போட்டுட்டாராம். பெரிய மேதை! டிவி ரிமோட்டுக்கே என்னைக் கூப்பிடுற ஆளு."

காவிகா குப்பை வண்டி ஓட்டுகிறான். உலுவேஹியோடு இருபது ஆண்டாக வாழ்கிறான். திருமணம் செய்துகொள்ளவில்லை. அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. ஜனவரியில் மீன் கடையில் ஃபுமியே அவனைப் பார்த்தாள். அப்போதும் வரிப் பேச்சுதான். வண்டியில் கூட வேலை செய்பவனின் குழந்தை ஆண்டு நடுவில் இறந்துவிட்டதாம். அந்தக் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று எழுதுவது எனக் கேட்டான். "வருஷம் முழுக்க எழுதலாம், பாவம்," என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் நகர்ந்தாள்.

"காவிகா இன்னும் தேடப் போறானா?"

"ஜூன் வரைக்கும் தினம் படகெடுத்துட்டுப் போனார். அப்புறம் நிறுத்திட்டார். மனசு விட்டுட்டார், ஆன்ட்டி. நான் விடல."

காலை 11.45. டெஸிரே மூன்றாவது அழைப்பில் எடுத்தாள். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"கமுவேலாவ உன் வரியில எழுதினியா?"

"எனக்குக் குழந்தையே இல்லைன்னு பதிமூணு வருஷமா எழுதிட்டு வரேன் ஆன்ட்டி. குத்திக் காட்டணும்னே கூப்பிட்டீங்களா?"

"அவன் நம்பர் உனக்குத் தெரியுமா?"

"கொடுத்தப்பவே அட்டையும் உலுகிட்ட போயிடுச்சு. கொடுத்தா கொடுத்ததுதான். திரும்பிப் பார்த்தா நல்லதில்லைன்னு சொன்னாங்க." ஒரு தட்டு விழுந்தது. "ஏன், கெடச்சிட்டானா?"

"இல்லை," என்றாள் ஃபுமியே.

அவள் தாளில் டெஸிரேயின் பெயரைக் கோடிட்டு அடித்தாள். மீதி இருந்தது ஒரு பெயர். அன்று மாலை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 27, வியாழன், மாலை 4.30. காவிகா வாசலில் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனைத் தனியாகப் பார்க்கத்தான் ஃபுமியே வந்திருந்தாள். ஆனால் உலுவேஹி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"உள்ள போ, உலு."

"மாட்டேன். சொல்லுங்க. யார் வீட்ல இருக்கான்?"

ஃபுமியே காவிகாவைப் பார்த்தாள். அவன் குழாயை மூடினான்.

"நீதான் எழுதின," என்றாள்.

"ஆமா."

உலுவேஹி சிரித்தாள். "அட லூசு! அதுக்குத்தான் இத்தனை கலாட்டாவா? நம்ம வீட்டுப் பிள்ளைய ஒருத்தர்தான் எழுதலாம், தெரியாதா?"

"தெரியாது," என்றான் அவன். "ரெண்டு பேரும் வளர்த்த பிள்ளை. ரெண்டு தாள்ல இருந்தா என்ன தப்புன்னு நெனச்சேன். உன்னுது திரும்பி வரும்னு தெரிஞ்சிருந்தா..."

"எத்தனை மாசம்னு போட்ட?" ஃபுமியே கேட்டாள்.

அவன் குழாயைச் சுருட்டத் தொடங்கினான்.

"எத்தனை, காவிகா?"

"பன்னெண்டு."

"நானும் பன்னெண்டுதான் போட்டேன்," என்றாள் உலுவேஹி. சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டியிருந்தது.

ஃபுமியேவுக்கு அத்தோடு திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை.

"உலு பன்னெண்டு போட்டது, அவன் வருவான்னு நம்பி. வருவான்னு நம்புறவன் தேடுறத நிறுத்த மாட்டான். நீ ஜூன்ல நிறுத்திட்ட. சரி, வர மாட்டான்னு முடிவு பண்ணிட்டன்னு வெச்சுக்குவோம். அப்படின்னா பொய் எழுதாத ஆளு நீ, மூணுதான் போட்டிருப்ப. தேடவும் இல்லை, பன்னெண்டும் போட்டிருக்க. அதுக்கு ஒரே ஒரு வழிதான். அத ஜனவரியில உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்."

"என்ன வழி?" என்றாள் உலுவேஹி.

"வருஷ நடுவுல செத்தது நிச்சயமா தெரிஞ்சா, அந்தப் பிள்ளைக்கும் பன்னெண்டு எழுதலாம். உன் வண்டியில ரெண்டே பேரு, காவிகா. நீயும் அலிக்காவும். அலிக்காவுக்கு நான் முப்பது வருஷம் தபால் போட்டேன். அவன் தனிக்கட்டை. அவனுக்கு ஏது குழந்தை?"

குழாய் முனையிலிருந்து நீர் சொட்டியது. உலுவேஹி காவிகாவின் அருகில் போய் நின்றாள்.

"எப்ப?"

"ஜூன் பதினொண்ணு. முனைக்கு அந்தப் பக்கம். பாறை இடுக்குல." அவன் தன் கைகளைப் பார்த்தான். "கழுத்துல நீ கட்டின கயிறு இருந்துச்சு."

"போலீஸுக்குச் சொன்னியா?"

"சொன்னா பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க. எங்க ஆளுங்க செய்யற மாதிரி செஞ்சேன். எலும்ப யாருக்கும் தெரியாத எடத்துல மறைச்சிட்டேன்."

"எட்டு மாசமா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட."

"நீ மூணு தட்டு வெப்ப. எப்படிச் சொல்லச் சொல்ற?"

"எழுத மட்டும் தெரிஞ்சுதா?"

அவன் ஃபுமியேவைப் பார்த்தான், அவள்தான் அந்த அலுவலகம் என்பதுபோல.

"பள்ளிக்கூடத் தாள்ல இவ பேரு. ஆஸ்பத்திரியில இவ பேரு. இவ அத்தை, ரத்தம். நான் யாரு? பதிமூணு வருஷத்துல என் பேருக்குக் கீழ அவன் பேரு எங்கயும் கிடையாது, ஆன்ட்டி. இதுதான் கடைசி வருஷம். இனிமே யாரும் அவன எழுத முடியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"எங்க இருக்கான்?" என்றாள் உலுவேஹி.

அவன் மாட்டேன் என்று தலையை அசைத்தான்.

"எங்கன்னு கேக்கறேன்."

"மறைச்சவன் சொல்லக் கூடாது, உலு. உனக்கே தெரியும். எங்க அப்பா தாத்தாவ மறைச்சார். சாகறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

அவள் அவன் மார்பில் அடித்தாள். அவன் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டான். நான்கு அடிக்குப் பிறகு அவள் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

மார்ச் 4, செவ்வாய், காலை 10.05. உலுவேஹி நூலகத்துக்குத் தனியாக வந்தாள்.

"அவன் பேர எடுத்துடறேன்," என்றாள் ஃபுமியே. "எடுத்தா இன்னிக்கே அனுப்பிடலாம்."

"எடுக்காதீங்க."

"மறுபடி திருப்பிடுவாங்க."

"தாள்ல எழுதித் தபால்ல அனுப்பினா?"

"வாங்கிப்பாங்க. ஒரே பிள்ளை ரெண்டு இடத்துல இருக்குன்னு அப்புறமா பார்ப்பாங்க. ரெண்டு பேருக்கும் கடிதம் போடுவாங்க."

"காவிகாவுக்கும் வருமா?"

"வரும்."

உலுவேஹி நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்ல மாட்டேங்கறார். அழுதும் பார்த்தேன். ஆனா அவர் அரசாங்கத் தாள்ல பொய் எழுத மாட்டார், ஆன்ட்டி. நீங்களே சொன்னீங்க. பிள்ளை எங்க இருக்கான்னு அவங்க கேட்டா எழுதித்தானே ஆகணும்?"

ஃபுமியேவுக்கு அந்தக் கடிதம் தெரியும். உரிமை இல்லாதவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்பார்கள். எடுக்காவிட்டால் பள்ளிச் சான்று, மருத்துவர் சான்று, வீட்டு முகவரி கேட்பார்கள். பிள்ளை எங்கே என்று கேட்க அதில் இடமே இல்லை.

அவள் படிவத்தை அச்செடுத்தாள். பன்னிரண்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கையெழுத்திடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

உலுவேஹி பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

"கேப்பாங்கல்ல, ஆன்ட்டி?"

"கேப்பாங்க," என்றாள் ஃபுமியே.