நெவிலுக்குப் பக்கத்து இடம்

சனிக்கிழமை மதியம், வழக்கம்போல ஃபிளாஸ்கில் தேநீரோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள் க்ளெனிஸ். தங்கம் கிடைத்த காலத்து ஊர் அது. மரச் சிலுவைகளையெல்லாம் ஒரு காட்டுத்தீ தின்றுவிட்டதால், யார் எங்கே கிடக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஊர்க்காரர்கள் சிலர் வாராவாரம் வேலிக்கம்பியை ‘ட’ போல வளைத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்து நடப்பார்கள். கீழே ஆள் இருந்தால் கம்பிகள் குறுக்கே திரும்பும். அங்கே ஒரு வெள்ளை முளை அடிப்பார்கள். இதெல்லாம் விஞ்ஞானமா என்று கேட்டால் ஊரில் யாருக்கும் பிடிக்காது.

அன்று மெதடிஸ்ட் சபையாரைப் புதைக்கும் பகுதி. கணவன் நெவிலைப் போன குளிர்காலத்தில் அங்கேதான் புதைத்தார்கள். அவனுக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. இந்த உலகத்தில் இனி அவளுக்கென்று மிச்சமிருப்பது அந்த ஆறடிதான்.

அதன்மேல் நடந்தாள்.

கம்பிகள் திரும்பின.

“என்ன க்ளென், உன் இடத்த வாடகைக்கு விட்டுட்டியா?” என்று சிரித்தான் மெர்வ், அவளோடு வாராவாரம் நடக்கும் பழைய சுரங்கக்காரன்.

“வாய மூடிட்டு குத்திப் பாரு.”

இரும்புக்கோலை ஊன்றினான். விரற்கடை அளவுகூட இறங்கவில்லை. இறுகிய களிமண்.

“இத எவனும் தோண்டினதே இல்ல. கம்பிக்குக் கிறுக்கு. எங்க, நெவில் மேல நடந்து பாரு.”

நடந்தாள். கம்பிகள் நேராக நின்றன.

திரும்ப நடந்தாள்.

நேராகவே நின்றன.

மெர்வ் கம்பிகளைப் பிடுங்கித் தானே நடந்தான். அவனுக்கும் அப்படியே. சிரிப்பு போய்விட்டது. முளையை எங்கே அடிப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“வீட்டுக்குப் போ, க்ளென்,” என்று கிசுகிசுத்தான்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. உட்கார்ந்தே மரத்துப்போன காலைப் போலக் கிடந்தது மனம். காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

படுக்கையறையில் வெயில் இன்னும் இறங்கவில்லை. காலணியோடு கட்டிலில் தன் பக்கமாகச் சாய்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்தே நெவில் தூக்கத்தில் உருண்டுவந்து அவளை ஓரத்துக்குத் தள்ளிவிடுவான். அவன் இடம் வெறிச்சென்று கிடக்கும். காலையில் கேட்டால் சத்தியம் பண்ணி மறுப்பான்.

முதுகுக்குப் பின்னால் மெத்தை மெல்ல அமிழ்ந்தது.

களிமண் வாசனை.

அவள் திரும்பவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் சொன்னாள்.

“தள்ளிப் படு, நெவில்.”

இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவன் தள்ளிப் படுத்தான்.