பதினாறு டிகிரி

கேப்டன் சாப்பாட்டு மேஜையில் முகம் கவிழ்ந்து கிடந்தார்.

வாயோரம் நுரை. வலது கை ஒயின் கோப்பையைத் தொட்டும் தொடாமலும் நீண்டிருந்தது.

கண் டாக்டரிடம் போய்விட்டு அப்போதுதான் திரும்பிய அவர் மனைவி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

துடிப்பு இல்லை.

அலற வேண்டும் என்று தோன்றியது. அலறல் வரவில்லை. அவள் கண் கோப்பையில் போய் நின்றுவிட்டது.

கோப்பை வியர்த்திருந்தது.

உள்ளே சிவப்பு ஒயின்... வெளியே முத்து முத்தாய் நீர்!

இருபது வருடமாக அந்த வீட்டில் சிவப்பு ஒயின் வியர்த்ததே இல்லை. கப்பலை விட்டு இறங்கிய பிறகு கேப்டனுக்கு அதிகாரம் செய்யக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒயின் அலமாரி. பெண்டாட்டி.

அலமாரி பன்னிரண்டு டிகிரியில் நிற்க வேண்டும். தக்கை காயாதபடி பாட்டில்கள் படுத்தே கிடக்க வேண்டும். வெளிச்சம் ஆகாது. அதிர்வு ஆகாது. சிவப்பு என்றால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்து, பதினாறு ஆனதும் ஊற்ற வேண்டும். கேப்டன் ஒரு வாய் குடிப்பார். முகம் சுளிப்பார். ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டரைக் கோப்பைக்குள் விடுவார். பதினெட்டு காட்டினால் எல்லாவற்றையும் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, அன்று முழுக்க அவளோடு பேச மாட்டார்.

பேசினால் அதைவிட மோசம்.

ஒரு சொட்டு குடித்தறியாத அவளுக்கு, பாட்டிலைத் தொட்டாலே டிகிரி தெரியும்.

இப்போது தொட்டாள். ஏழு... மிஞ்சிப் போனால் எட்டு. லேபிள் அலமாரியில் இருப்பவற்றின் அதே லேபிள். ஆனால் யாரோ ஃப்ரிட்ஜில் போட்டு எடுத்திருக்கிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுத் திட்டலாம் என்று இருந்திருப்பார் கேப்டன். உள்ளே கலந்திருந்த விஷத்துக்கு அந்த ஒரு வாயே போதுமானதாக இருந்திருக்கிறது.

சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கும் ஆள், அவளுக்குத் தெரிந்து ஒருத்தன்தான்.

போன் அடித்தது.

“அக்கா... வந்துட்டியா?”

தம்பி! அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். அம்மா போன பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

“என்னடா பண்ணித் தொலைச்ச?”

மறுமுனையில் விசும்பல். “அத்தான் உன்னைப் படுத்தற பாட்டைப் பாக்க முடியலக்கா...”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“வாயை மூடு. நீ எதையும் கொண்டு வரல. எதையும் தொடல. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் கைகள் தாமாக வேலை செய்தன. பாட்டிலைத் துடைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பத்து... பதின்மூன்று... பதினாறு. எடுத்து ஈரம் போகத் துடைத்து, மணிக்கணக்கில் சூடு மாறாமல் காக்கும் எஃகு உறைக்குள் வைத்தாள். கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, செத்துக் கிடப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வியர்வை மறைந்தது.

ஃப்ரிட்ஜுக்குப் போன சுவடே இல்லை. தம்பியின் சுவடும் இல்லை.

அப்புறம்தான் அலறினாள்.

பெண் இன்ஸ்பெக்டர் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். நிதானமான ஆள். பிணத்தைப் பார்த்தார். பாட்டிலை முகர்ந்தார். மேஜையில் கிடந்த தெர்மாமீட்டரைக் கையுறை போட்ட விரலால் எடுத்து, பாட்டிலுக்குள் விட்டார்.

“பதினாறு. இது சரியான அளவா மேடம்?”

“ரெட்டுக்கு அதுதான்” என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் முன் அறைக்குப் போனார். அங்கே தம்பி வந்து உட்கார்ந்திருந்தான். கதவு சாத்தப்பட்டது. அரைமணி நேரம் திறக்கவில்லை.

அவன் உளறிவிடக் கூடாதே என்ற ஒரே தவிப்பு அவளுக்கு.

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வாசல் கேமராவில் தம்பி ஒன்று இருபதுக்கு வந்து, ஒன்று நாற்பதுக்குப் போனது பதிவாகியிருக்கிறதாம். அதை அவன் மறுக்கவில்லையாம். பாட்டில் முன்னாடியே உறைக்குள் தயாராக இருந்தது, அக்கா வைத்துவிட்டுப் போனதாக அத்தான் சொன்னார், உடனே கிளம்பிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம்.

“பாவம், அக்கா ரொம்பப் பட்டுட்டாங்கன்னு அழுதாரு. எனக்கு அதைவிட இன்னொண்ணுதான் முக்கியமாப் பட்டுச்சு. ‘நான் குடுத்திருந்தா நேரா ஃப்ரிட்ஜ்லேர்ந்துதான் குடுத்திருப்பேன், எனக்கென்ன தெரியும்’னாரு. அவரு சொல்றது நியாயம்தானே? இந்த வீட்டுல இவ்வளவு துல்லியமா பதினாறுல வைக்க யாரால முடியும் மேடம்?”

அவள் தம்பி இருந்த முன் அறைப் பக்கம் பார்த்தாள்.

பயந்து போயிருப்பான். சின்னப் பையன். முப்பத்தொன்று ஒரு வயசா?

பாட்டிலில் அவள் ரேகை மட்டும்தான் இருந்தது; கோப்பையில் அவளுடையதும் கேப்டனுடையதும். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் ஜீப். இன்ஸ்பெக்டர் போனில் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். தம்பி அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். குனிந்து அவனே காலில் மாட்டிவிட்டான்.

“பயப்படாதே” என்றாள் அவள். “உன்மேல எனக்குக் கோவம் இல்லடா. அதைத் தெரியாம ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்ட...”

அவன் நிமிர்ந்தான்.

கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“தெரியாமயா?” என்றான் மெதுவாக. “நீ தொட்டதும் கண்டுபிடிப்பே. கண்டுபிடிச்சதும் சரி பண்ணுவே. எனக்காக எதைத்தான் நீ சரி பண்ணல?”



இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? அது சில்லென்றிருந்தது என்றா? எதைக் காட்டுவது?

ஜீப்பில் ஏறினாள்.

தம்பி ஜன்னலோரமாகக் குனிந்தான். பார்ப்பவர்களுக்கு, அக்காவைப் பிரிய மாட்டாமல் தவிக்கும் முகம்.

“அக்கா... ரெட்டுக்குப் பதினாறுன்னு இருபது வருஷமா சொல்லிச் சொல்லி அழுதுட்ட. வெள்ளைக்கு எத்தனைன்னு சொல்லவே இல்லையே. கொஞ்சம் சொல்லிட்டுப் போ... மிச்ச பாட்டிலை எல்லாம் இனிமே நான்தானே பாத்துக்கணும்!”